அக்கா பெயரில் ஒரு கோப்பை

பாரி, இத்தாலி
12 மார்ச் 2017

அன்புள்ள தம்பி தெங்கிசுக்கு,

அக்கா லாமாரா எழுதிக்கொண்டது. போன வருடம் உடைந்த கால் மழை நாளில் கொஞ்சம் இழுக்கிறது, மற்றபடி நலம். நீயும் நூனுவும் பிள்ளைகளும் சுகம்தானே? உன் இரத்தக் கொதிப்பு எப்படி இருக்கிறது? மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா, இல்லை சாராயமே மருந்து என்று திரிகிறாயா?

போனில் சொல்ல வேண்டிய சேதிதான் இது. அம்மா போன பிறகு நீ என் போனை எடுப்பதே அபூர்வம். எடுத்தாலும் 'பஸ் வந்திடுச்சுக்கா' என்று வைத்துவிடுகிறாய். அதனால் வேன்காரர் கூராமிடம் கொடுத்தனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் வேன் நிற்கும். நம் ஜார்ஜியாப் பெண்கள் எல்லோரும் வீட்டுக்கு அனுப்பும் மூட்டைகளோடு வரிசையில் நிற்போம். மூட்டையில் காபித்தூள், பிள்ளைகளுக்குக் காலுறை, நூனுவுக்கு ஒரு கம்பளிச் சட்டை இருக்கின்றன.

சேதி இதுதான். எனக்கு இங்கே தங்குவதற்கான அட்டை கிடைத்துவிட்டது. பதின்மூன்று வருடமாகத் திருட்டுத்தனமாக இருந்தவளுக்கு இப்போது சொந்தப் பெயரில் அட்டை. ஊருக்கு வரலாம், திரும்பி இங்கே வேலைக்கும் வரலாம். தம்பி, அக்டோபரில் திராட்சை அறுவடைக்கு வருகிறேன்.

வந்ததும் முதலில் அம்மாவின் கல்லறைக்குப் போக வேண்டும். அம்மாவை மண்ணில் வைத்தபோது நான் இங்கே, நான் பார்த்துக்கொள்ளும் கிழவி அசுந்தா அம்மாளின் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டே, காதில் போனை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். மண் விழுகிற சத்தம் கேட்டது. வாய் விட்டு அழக்கூட முடியவில்லை, கிழவி பயந்துவிடுவாள்.

நூனுவுக்கும் பிள்ளைகளுக்கும் என் முத்தங்கள். உடனே பதில் போடு.

உன் அக்கா,
லாமாரா


ககேத்தி, ஜார்ஜியா
20 ஏப்ரல் 2017

பாசமுள்ள அக்காவுக்கு,

தம்பி தெங்கிஸ் எழுதுவது. இங்கே யாவரும் சுகம். உன் சுகத்துக்கு ஆண்டவரை வேண்டுகிறோம். காபியும் சட்டையும் வந்து சேர்ந்தன. நூனு சட்டையைக் கழற்றவே மாட்டேன் என்கிறாள்.

அட்டை கிடைத்ததில் மிக்க சந்தோஷம். ஆனால் அக்டோபர் வேண்டாம் அக்கா. இப்போது முன்பு மாதிரி இல்லை. தினமும் திபிலிசியிலிருந்து சுற்றுலா பஸ் வருகிறது. காலையில் கிளம்பி நான்கு தோட்டம் பார்த்து, எல்லா இடத்திலும் ருசி பார்த்து, சாயங்காலம் தள்ளாடிக்கொண்டே திரும்புவார்கள். நம் வீடு மூன்றாவது நிறுத்தம், சாப்பாடும் இங்கேதான். வழிகாட்டி சலோமே என்று ஒரு கெட்டிக்காரப் பெண். அக்டோபரில் எனக்கு மூச்சு விட நேரம் இருக்காது. உன்னோடு உட்கார்ந்து நாலு வார்த்தை பேச முடியாது. ஜனவரியில் வா. ஊர் அமைதியாக இருக்கும்.

காலைப் பார்த்துக்கொள். குளிரில் நிற்காதே.

உன் தம்பி,
தெங்கிஸ்


பாரி
7 மே 2017

அன்புத் தம்பிக்கு,

இங்கே நலம். அங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

ஜனவரியில் வா என்கிறாயே, உனக்கு மூளை குழம்பிவிட்டதா? ஜனவரியில் நம் ஊரில் என்னடா இருக்கிறது? மொட்டைக் கொடியும் சேறும்தான். அறுவடைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று வருடா வருடம் புலம்புகிறவன் நீ. நான் வந்தால் ஒரு கை கூடுமே. கூடையைத் தூக்க முடியாவிட்டாலும் நூனுவோடு அடுப்படியில் நிற்பேன். வருகிறவர்களுக்கு ரொட்டி சுடுவேன். என்னோடு பேச நேரமில்லை என்று நீ கவலைப்பட வேண்டாம். நான் என்ன மேயர் மனைவியா, உட்கார வைத்து உபசரிக்க?

வேறு ஏதாவது இருந்தால் சொல்லிவிடு. நூனுவுக்கு என் மேல் ஏதும் வருத்தமா? அவள் ஒரு வரிகூடச் சேர்த்து எழுதவில்லையே.

அக்கா


ககேத்தி
25 ஜூன் 2017

அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

போன வாரம் ஆலங்கட்டி மழை. மேற்குப் பக்கக் கொடிகள் போய்விட்டன. உன் அறையில் இப்போது ஒயின் பெட்டிகள் அடுக்கியிருக்கிறேன், படுக்க இடமில்லை. இந்த வருடம் வேண்டாம் என்றே எனக்குப் படுகிறது. நூனுவுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

தெங்கிஸ்


பாரி
16 ஜூலை 2017

தெங்கிஸ்,

நலமா என்று கேட்கிறேன், நம் அம்மா சொல்லிக்கொடுத்த பழக்கத்துக்காக. நான் நலமில்லை. என் வயிறு எரிகிறது.

அசுந்தா அம்மாளின் மகள் மிரெல்லாவைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறேன். நான் ஓயாமல் ஊர்ப் பெருமை பேசியதைக் கேட்டுக் கேட்டு, விடுமுறைக்கு ஜார்ஜியாவுக்கே போய்விட்டு வந்தாள். திபிலிசியிலிருந்து ஒரு நாள் திராட்சைத் தோட்டச் சுற்றுலா. நேற்றுச் சாயங்காலம் சமையலறையில் உட்கார்ந்து, 'லாமாரா, உங்க ஊர் ஆளு ஒருத்தர் எங்களையெல்லாம் அழ வச்சுட்டாரு, பாரு' என்று போனை நீட்டினாள்.

நீ. நம் வீடு. புதுக் கூடம். நீள மேசை, இரண்டு பக்கமும் வெளிநாட்டுக்காரர்கள். விருந்துத் தலைவனாக நீ கொம்புக் கோப்பையோடு நிற்கிறாய். சுவரில் என் படம். இருபத்து நான்கு வயதில் திராட்சைக் கூடையோடு எடுத்த நீலச் சட்டைப் படம். அதில் கறுப்பு நாடா. கீழே மெழுகுவத்தி!

நீ பேசியதை ஒரு சொல் விடாமல் எழுதுகிறேன். 'இது என் அக்கா லாமாரா. வயித்துப் பொழப்புக்காகக் கடல் தாண்டிப் போனா. திரும்பி வரல. சாகுறப்ப நம்ம வீட்டு ஒயின் ஒரு மடக்கு கேட்டாளாம். குடுக்க அங்க யாருமில்ல. அந்த ஒயின்தான் இப்ப உங்க கையில இருக்கு.' சொல்லிவிட்டு ரொட்டித்துண்டில் ஒயினை ஊற்றுகிறாய், இறந்தவர்களுக்கு ஊற்றுகிற மாதிரியே. அந்தச் சலோமே மொழிபெயர்க்கிறாள். ஒரு பெண் கைக்குட்டையை எடுக்கிறாள். அடுத்த நிமிடம் எல்லோரும் பாட்டில் வாங்குகிறார்கள்.

டேய், உயிரோடு இருக்கும்போதே எனக்குக் குழி வெட்டிவிட்டாயே, உனக்கு நாக்குக் கூசவில்லையா? சாகும்போது ஒயின் கேட்டேனாம்! அந்த மஞ்சள் ஒயின் எனக்கு ஒத்துக்கொள்ளாது, நெஞ்சு எரியும், சின்ன வயதிலிருந்தே தொடமாட்டேன். அது உனக்குத் தெரியும். செத்தாலும் அதைக் கேட்கமாட்டேன்.

மிரெல்லாவுக்குப் படத்தில் இருப்பது நான்தான் என்று தெரியவில்லை, லாமாரா என்பது நம் ஊரில் பலருக்கும் இருக்கிற பெயர் என்று நினைத்துவிட்டாள். பதின்மூன்று வருடம் கிழவிகளைத் தூக்கிக் குளிப்பாட்டினால் முகம் அப்படியேவா இருக்கும்? 'பாவம், எவ்வளவு அழகு, சின்ன வயசுலயே போயிட்டா' என்றாள். அது நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, உன் மானம் என் மானம் இல்லையா. நானும் 'பாவம்' என்றேன். என் சாவுக்கு நானே உச்சுக்கொட்டினேன். அப்புறம் அந்தச் சுற்றுலாவைப் பற்றி யார் யாரோ எழுதியதை அவள் வாசித்துக் காட்டினாள். ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். 'மூன்றாவது தோட்டத்தில் அக்கா கதையைத் தவறவிடாதீர்கள்' என்று ஒருவன் எழுதியிருக்கிறான்.

இப்போது புரிகிறது, ஏன் அக்டோபர் வேண்டாம், ஏன் ஜனவரி, ஏன் ஆலங்கட்டி மழை, ஏன் என் கட்டிலில் பெட்டி. செத்தவள் அறுவடைக்கு வந்து நின்றால் வியாபாரம் கெட்டுவிடும்.

என்ன சொல்லப் போகிறாய்? சொல்லு.

லாமாரா


பாரி
20 ஆகஸ்ட் 2017

தெங்கிஸ்,

கடிதத்தை உன் கையிலேயே கொடுத்தேன் என்கிறார் கூராம். பிரித்துப் படித்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்தாயாம். அவருக்கு ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்து, மழையைப் பற்றிப் பேசினாயாம். மழையைப் பற்றி!

பதில் வராவிட்டால் ஊர்ப் பாதிரியாருக்கே எழுதுவேன்.

லாமாரா


ககேத்தி
2 செப்டம்பர் 2017

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நானும் இல்லை.

நீ சொன்னதெல்லாம் உண்மை. இப்போது நான் சொல்வதையும் கேள். அம்மாவின் சவப்பெட்டி நான்கு நாள் வீட்டில் இருந்தது. தலைமாட்டில் மகள் உட்காரும் முக்காலி நான்கு நாளும் காலி. வந்த பெண்கள் எல்லோரும் முதலில் அம்மாவைப் பார்த்தார்கள், அப்புறம் அந்த முக்காலியைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள். கடைசியில் நூனுவைப் பிடித்து உட்கார வைத்தேன். மகள் ஒப்பாரி வைக்காத வீடு என்று பெயர் எடுத்தோம். உனக்கு அட்டை இல்லை, வந்தால் திரும்பிப் போக முடியாது, எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆத்திரம் ஆத்திரம்தான். எத்தனையோ பெண்கள் எல்லாவற்றையும் உதறிவிட்டு ஓடி வந்திருக்கிறார்கள். நீ வரவில்லை.

நாற்பதாம் நாள். சாப்பாட்டுக்கு ஊரே வந்துவிட்டுப் போன பிறகு, முன்பே சொல்லி வைத்திருந்த பஸ்ஸும் வந்து நின்றது. அறுவடைக் காலம், திருப்பி அனுப்ப முடியாது. நான் அன்றைக்குக் காலையிலிருந்தே குடித்திருந்தேன். இறந்தவர்களுக்கான கோப்பை வந்தது. அம்மா பெயரைச் சொல்லி ரொட்டியில் ஊற்றினேன். எதிரே உன் படம். சிரித்துக்கொண்டிருந்தாய். 'இவளும் போயிட்டா' என்று சொல்லி உனக்கும் ஊற்றினேன். ஆத்திரத்தில்தான் செய்தேன். வியாபாரத்துக்காகச் செய்யவில்லை.

அப்பா சொன்னது உனக்கும் நினைவிருக்கும். நம் மேசையில் ஒருவர் பெயரைச் சொல்லி ரொட்டியில் ஊற்றிவிட்டால், அடுத்த தடவை அந்தப் பெயரை விடக் கூடாது. விட்டால் கேடு. மறுநாள் குடி தெளிந்ததும் என்ன செய்துவிட்டேன் என்று விளங்கியது. எப்படித் திருப்பி எடுப்பது? போன வருடம் ஒரு நாள் துணிந்து உன் பெயரை விட்டுப் பார்த்தேன். அன்று ராத்திரியே போன் வந்தது, நீ படியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டாய் என்று. அதற்குப் பிறகு விட எனக்குத் துணிச்சல் வரவில்லை. நம்பினால் நம்பு.

சாகும்போது ஒயின் கேட்டாய் என்பது சலோமே சேர்த்தது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதுவும் உண்மைதான். பாட்டில் விற்றது. கூடத்துக்குக் கண்ணாடி போட்டது அதில்தான்.

தெங்கிஸ்


பாரி
17 செப்டம்பர் 2017

தெங்கிஸ்,

முக்காலியைப் பற்றி எழுதினாயே, அந்த ஒரு பத்தியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆனால் அம்மா ராத்திரி தூக்கத்திலேயே போய்விட்டாள், எதுவும் தெரியாது என்றுதானே நீ போனில் சொன்னாய்? ஒரு வாரம் முன்னால் தெரிந்திருந்தால் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு வந்திருப்பேன். செத்த பிறகு வந்து யாரைப் பார்ப்பது என்று கிழவியின் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். அது என் தப்பு என்றால் தப்புதான்.

மற்றதற்கு மன்னிப்பு இல்லை. உயிரோடு இருப்பவளுக்கு ஊற்றியதை உயிரோடு இருப்பவள்தான் வந்து துடைக்க வேண்டும். டிக்கெட் வாங்கிவிட்டேன். அக்டோபர் முதல் வாரம் வருகிறேன். படத்தைக் கழற்றி வை. கட்டிலிலிருந்து பெட்டிகளை எடு.

லாமாரா


பாரி
29 அக்டோபர் 2017

டேய் தெங்கிஸ்,

நலம் விசாரிக்கப் போவதில்லை.

நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் நீ பார்த்தது கூடத்திலிருந்து. அடுப்படியிலிருந்து பார்த்தது எப்படி இருந்தது என்று சொல்கிறேன், கேள்.

விமான நிலையத்தில் நீ என்னைக் கட்டிப் பிடித்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாய். பன்றி அடித்திருந்தாய். பக்கத்து வீட்டார் எல்லோரும் வந்தார்கள். கூடத்தில் படம் இல்லை, ஆணி மட்டும் இருந்தது. கல்லறையில் காற்றுக்கு மெழுகுவத்தி அணையாமல் நீ தொப்பியால் மறைத்துக்கொண்டு நின்றாய். என் கோபம் பாதி இறங்கிவிட்டது. அதுதான் நான் செய்த மடத்தனம்.

மூன்றாம் நாள் காலையில் எழுந்து வந்தால் படம் ஆணியில் தொங்குகிறது, நாடாவோடு. நீ அடுப்படிக்கு வந்து துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய். 'அக்கா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும். பெரிய குழு, அந்தக் கதை கேக்கணும்னே வராங்களாம். நீ நூனு கூட உள்ளயே இரு. வெளிய வந்தாலும், யாருன்னு கேட்டா நூனுவோட சொந்தம்னு சொல்லிக்க.'

நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். பாலாடைக்கட்டி ரொட்டிக்கு மாவு பிசைந்தேன். என் வீட்டில், என் அம்மாவின் மாவுத் தொட்டியில், நூனுவின் சொந்தக்காரியாக நின்று பிசைந்தேன்.

பஸ் வந்தது. சிரிப்பு, கண்ணாடிச் சத்தம். கடவுளுக்கு முதல் கோப்பை, நாட்டுக்கு அடுத்தது. அப்புறம் கூடம் அமைதியாகிவிட்டது. இனிமேல் வருவது சோகக் கதை என்று சலோமே அவர்களைத் தயார் செய்கிறாள். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று நான் செத்ததைக் கேட்டேன். நீ நன்றாகத்தான் பேசுகிறாய். சரியான இடத்தில் தொண்டை அடைக்கிறது.

நூனு கையிலிருந்த தட்டத்தை அப்படியே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்காக அழுகிறாள் என்று தோளைத் தொட்டேன். அவள் சொன்னாள்: 'அண்ணி, அத்தை ஒரே ராத்திரியில போகல. மூணு வாரம் படுத்திருந்தாங்க. வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டாலே, லாமாராவான்னு கேப்பாங்க. உங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு இவர் எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. அவ வந்துட்டா திரும்பிப் போக முடியாது, அவ அனுப்புற காசு நின்னுடும், கூடத்துக் கூரை பாதியில நிக்குதுன்னாரு.'

மூன்று வாரம், தெங்கிஸ். அம்மா என்னைக் கூப்பிட்டுக்கொண்டு கிடந்திருக்கிறாள். நீ அந்த மூன்று வாரத்தை விழுங்கிவிட்டு, முக்காலி காலியாக இருந்தது என்று எனக்கே எழுதினாய். நானும் அதைப் படித்து, என் தப்பு என்று தலை குனிந்தேனே! உன் கையெழுத்தைப் பார்க்கவே இப்போது எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிகிறது.

அதற்குப் பிறகு நடந்ததை நீயும் பார்த்தாய். ரொட்டித் தட்டோடு வெளியே வந்தேன். தட்டை மேசையில் வைத்தேன். பேச அனுமதி கேட்டேன். விருந்தில் யார் கேட்டாலும் தலைவன் மறுக்கக் கூடாது. நீ மறுக்கவில்லை, உன் வாய் திறந்தபடியே இருந்தது. ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு சொன்னேன். 'இந்த வீட்ல செத்தவங்க பேரு இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. என் தம்பி தெங்கிஸ். அம்மா படுத்த அன்னிக்கே இவனும் போயிட்டான். அவன் ஆத்மாவுக்கு.' ரொட்டியைப் பிட்டு, ஒயினை ஊற்றினேன்.

சலோமே மொழிபெயர்க்கவில்லை. ஆனால் மேசைக் கோடியில் இரண்டு இத்தாலிக்காரர்கள் இருந்தார்கள். அவர்களிடம் அவர்கள் பாஷையிலேயே சொன்னேன், படத்தில் இருப்பவள் நான்தான், செத்தவன் இதோ நிற்கிறான் என்று. அவர்கள் மற்றவர்களுக்குச் சொன்னார்கள். ஒருவரும் ஒரு பாட்டில் வாங்கவில்லை. நீ கோப்பையைக் குடித்தாய். இறந்தவர்களுக்கான கோப்பையைக் குடிக்காமல் வைக்கக் கூடாதே, அதற்காகக் குடித்தாய். பழக்கத்தை மட்டும் நன்றாகக் காப்பாற்றுகிறவன் நீ.

பையை எடுத்துக்கொண்டு உன் விருந்தாளிகளோடு பஸ்ஸில் ஏறினேன். சலோமே தன் இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டாள். நாலாவது தோட்டத்தில் நான் இறங்கவில்லை.

என் பெயரை நீ விடக் கூடாது என்றாயே. இப்போது நான் உன் பெயரைச் சொல்லிவிட்டேன். அதையும் விடாதே.

லாமாரா


ககேத்தி
3 டிசம்பர் 2017

அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது?

கூராமிடம் வால்நட்டும், திராட்சைப் பாகும், அம்மாவின் கறுப்புச் சால்வையும் கொடுத்தனுப்பினேன். சால்வையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாயாம். எடுத்ததற்கு நன்றி.

வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

தெங்கிஸ்


ககேத்தி
21 ஜனவரி 2018

அக்கா,

இதற்கும் நீ பதில் போடமாட்டாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அம்மா விஷயம் உண்மை. நீ வந்தால் உனக்குத் திரும்பிப் போக வழியில்லை என்று உன் நல்லதுக்காகத்தான் மறைத்தேன் என்று போன மாதம் நான்கு பக்கம் எழுதினேன். எழுதிக் கிழித்தேன். கூரைதான் காரணம். கூரை முடியட்டும், அம்மா தாங்குவாள், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அம்மா தாங்கவில்லை. உன்னிடம் சொல்ல முகமில்லாமல் உன் மேலேயே ஆத்திரப்பட்டேன். நாற்பதாம் நாள் உன் பெயரில் ஊற்றியதும் அதனால்தான். வரவேண்டியவள் செத்துவிட்டாள் என்று சொல்லிவிட்டால், வர விடாமல் தடுத்தது நான் என்கிற பேச்சே இருக்காது இல்லையா? அன்றைக்கு இதெல்லாம் யோசித்தா செய்தேன்? இப்போது உட்கார்ந்து யோசித்தால் அப்படித்தான் தெரிகிறது.

நூனு பிள்ளைகள் அறையில்தான் படுக்கிறாள். உப்பு எங்கே என்று கேட்டால்கூடப் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புகிறாள்.

குளிர்காலத்தில் பஸ் அதிகம் இல்லை. புத்தாண்டுக்கு ஒரு குழு வந்தது. இறந்தவர்களுக்கான கோப்பையில் அம்மா பெயரைச் சொன்னேன். அப்புறம் என் பெயரைச் சொல்லி ரொட்டியில் ஊற்றினேன். வேடிக்கை செய்கிறேன் என்று சிரித்தார்கள். அடுத்து வந்த குழுவும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சலோமே இதை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினாள். நீ சொன்ன பெயர், எப்படி விடுவேன்? வசந்தத்திலிருந்து மூன்றாவது நிறுத்தத்துக்கு வேறு வீடு பார்த்துக்கொள்கிறோம் என்று அவர்கள் அலுவலகத்திலிருந்து சொல்லிவிட்டார்கள்.

உன் பெயரை விட்டுவிட்டேன் அக்கா. படத்தைக் கழற்றி, நாடாவை எரித்துவிட்டு, உன் அறையில் மாட்டிவிட்டேன். நீ போன நாளிலிருந்து ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஆனால் பயமாக இருக்கிறது. போன தடவை விட்டபோது உன் கால் உடைந்தது. இந்தத் தடவை உனக்கு ஒன்றும் ஆகவில்லையே? மன்னிக்க வேண்டாம். திட்ட வேண்டுமானால் திட்டு. நலமாக இருக்கிறேன் என்று ஒரு வரி மட்டும் எழுது.

உன் தம்பி என்று போட்டுக்கொள்ளலாமா, தெரியவில்லை.

தெங்கிஸ்


பாரி
11 பிப்ரவரி 2018

தம்பி தெங்கிசுக்கு,

நலமாக இருக்கிறேன். காலும் நன்றாகவே இருக்கிறது. இதை உனக்கு எழுதவே எனக்கு ஆத்திரமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

உன் கடிதத்தைக் கூராம் கொடுத்த இடத்திலேயே, மழையில் நின்று படித்தேன். பன்னிரண்டு வயதில் பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கக்குவாயே, அதே மாதிரி எழுதியிருக்கிறாய். கூரை என்று எழுத உனக்கு இரண்டரை வருடம் ஆகியிருக்கிறது.

மன்னிக்கவில்லை. அதைத் தெளிவாகத் தெரிந்துகொள். அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்த மூன்று வாரத்தை நீ எனக்குத் திருப்பித் தர முடியாது. சால்வையை மூக்கில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறேன். மருந்து வாசனை இன்னும் இருக்கிறது. அந்த வாசனை வரும்போதெல்லாம் உன் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது.

ஆனால் உன் பெயரைச் சொல்லி இனிமேல் ஊற்றாதே. ஒரு தடவைகூட. கேடு வந்தால் என் தலையில் விடியட்டும், சொன்னவள் நான்தானே. இரத்தக் கொதிப்புக்காரன் தினம் தன் சாவுக்கே குடித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று உனக்குப் புத்தி இருக்கிறதா? மாத்திரையைப் போடு. நூனுவிடம் போய், அவள் பதில் பேசினாலும் பேசாவிட்டாலும், செய்தது தப்பு என்று சொல்லு.

ஏப்ரலில் ஈஸ்டருக்கு வருகிறேன். ஒரு மாதம் இருப்பேன். விமான நிலையத்தில் கட்டிப் பிடித்து அழுகிற வேலையெல்லாம் வைத்துக்கொள்ளாதே, எனக்குப் பிடிக்காது. பன்றியும் அடிக்க வேண்டாம். நீயும் நானும் அம்மாவின் கல்லறைக்குப் போவோம். அங்கே வைத்து உனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. ஒரு நாளில் முடியாது, ஒரு மாதத்திலும் முடியாது. வருடக்கணக்கில் உன்னைத் திட்ட வேண்டியிருக்கிறது, தெங்கிஸ். அதற்கு எனக்கு நீ உயிரோடு வேண்டும்.

உன் அக்கா,
லாமாரா